வாசலில் சொருகிய வேப்பிலை

வட சென்னை வியாசர்பாடியின் ஒரு சந்தில் ஏதோ ஒரு வீட்டு நிலையில் வேப்பிலைக் கொத்து சொருகியிருந்தால் அந்தத் தெருவில் யாருக்கும் விளக்கம் தேவைப்படுவதில்லை. உள்ளே யாருக்கோ அம்மை போட்டிருக்கிறது. மீன்காரம்மா வாசலோடு நின்று குரல் கொடுப்பார். பிள்ளைத்தாய்ச்சிப் பெண் எதிர்ச்சாரியில் நடந்து போவாள். தலைக்குத் தண்ணீர் ஊற்றி முடிகிற வரைக்கும் அந்த வீட்டாரும் பிறர் வீட்டு விசேஷத்துக்குப் போகமாட்டார்கள். அம்மன் பெயரால் நடக்கிற காரியம்தானே என்று இதை ஒதுக்கிவிட்டால் அதிலுள்ள சாமர்த்தியம் கண்ணில் படாமல் போகும். ஒரு சுகாதார அறிவிப்பு என்ற அளவில் மட்டும் அதை எடைபோட்டுப் பாருங்கள். எழுத்தறியாதவருக்கும் புரிகிறது. நோய் பரவுகிற நாட்களிலேயே தொங்குகிறது, முடிந்தபின் அல்ல. என்ன நடந்திருக்கிறது என்பதோடு பார்க்கிறவர் என்ன செய்ய வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கிறது. சந்தேகம் வந்தால் வாசலில் நின்று கேட்கலாம். உள்ளேயிருந்து பாட்டி பதில் சொல்வாள். தொடக்கப் பள்ளிகளிலிருந்து வீட்டுக்குப் போகும் சுற்றறிக்கைகளில் இந்த நான்கும் ஒருசேர அமைவது அபூர்வம்.

இத்தனை தெளிவான அறிவிப்பு தெருவில் தொங்கும்போது அதே வீட்டிலிருந்து பள்ளிக்குப் போகும் செய்தி வேறாக இருக்கிறது: "புள்ளைக்குக் காய்ச்சல் மிஸ், ரெண்டு நாள் வரமாட்டான்." அம்மை என்ற சொல் பள்ளி வாசலைத் தாண்டுவதில்லை. அறியாமை என்று இதற்குப் பெயர் சூட்டுவது சுலபம். அந்தத் தாய் போடும் கணக்கைப் பார்த்தால் அப்படிச் சொல்லத் தோன்றாது. சொன்னால் எத்தனை நாள் வரவேண்டாம் என்பார்கள்? டாக்டர் சர்ட்டிபிகேட் கேட்பார்களா? அதற்காக ஒரு நாள் வேலையை விட்டால் கூலி போகுமே? முழுப்பரீட்சை நேரத்தில் நிறுத்திவிட்டால்? ஒன்றும் ஆகாத தம்பியையும் வீட்டில் வைத்துக்கொள்ளச் சொல்வார்களோ? இவற்றுக்குப் பள்ளியின் பதில் என்னவென்று அவளிடம் யாரும் சொன்னதில்லை. பதில் தெரியாதபோது உண்மையைச் சொல்வது அவளுக்கு நஷ்டக் கணக்கு. சின்னம்மையோ கொப்புளம் தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே பிறருக்குத் தொற்றத் தொடங்கிவிடும். எல்லாக் கொப்புளமும் காய்ந்து பொருக்குத் தட்டும்வரை தொற்றும். தொற்றியவரின் உடம்பில் அது வெளிப்பட 10 முதல் 21 நாள் வரை ஆகும். ஆகவே இன்று ஒரு பிள்ளை 'காய்ச்சலில்' படுத்தால், இரண்டு வாரம் கழித்து அதே பெஞ்சில் மூன்று இடம் காலியாகும். அரசின் இலவசத் தடுப்பூசி அட்டவணையில் சின்னம்மைக்கு ஊசி இல்லை. இந்த வீடுகளுக்குக் கைக்கெட்டுகிற தடுப்பு, பிள்ளை எப்போது வீட்டில் இருக்க வேண்டும், எப்போது திரும்பி வரலாம் என்ற விதி. ஜப்பானில் அந்த விதியைச் சட்டமே எழுதி வைத்திருக்கிறது. சின்னம்மை என்றால் பொருக்குத் தட்டும்வரை. ஃப்ளூ என்றால் நோய் தொடங்கி 5 நாளும் காய்ச்சல் விட்டு 2 நாளும். அந்த நாட்கள் பிள்ளையின் வருகைக் கணக்கில் விடுப்பாக ஏறுவதில்லை. பள்ளியின் உடல்நல ஆசிரியர் வீட்டுக்கு ஒரு தாளும் தவறாமல் அனுப்புகிறார். விதியை வீட்டுக்குச் சொல்ல ஜப்பானின் செல்வம் தேவையில்லை. ஜூன் மாதம் பள்ளி திறக்கும் வாரத்தில் சொல்லிவிடக்கூடிய இரண்டு வரிதான் அது: 'அம்மை என்று தைரியமாகச் சொல்லுங்கள், சர்ட்டிபிகேட் வேண்டாம், பொருக்குத் தட்டியதும் அனுப்புங்கள், விட்டுப்போன பாடத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.'

உடல்நலம் பற்றிய பள்ளியின் சொல் காரியத்துக்கு முன்பாகவும், வாய்ப் பேச்சாகவும், திருப்பிக் கேள்வி கேட்க இடம் வைத்தும் வீட்டுக்குப் போக வேண்டும். போகவில்லையென்றால் அந்த இடம் காலியாக இருக்காது. வேறொரு சொல் வந்து உட்கார்ந்துகொள்ளும். தமிழ்நாடு இதை நன்றாகவே பார்த்த காலம் ஒன்று உண்டு. 2017 பிப்ரவரி 6 அன்று தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கியது. 9 மாதக் குழந்தை முதல் 15 வயதுப் பிள்ளை வரை, மாநிலம் முழுக்க ஒன்றே முக்கால் கோடிப் பேருக்கு ஊசி போடுவது திட்டம், பெரும்பகுதி பள்ளிகளில். தடுப்பூசி விஷயத்தில் நாட்டிலேயே நல்ல பெயர் வாங்கிய மாநிலம் இது. தட்டம்மை ஊசி இங்கு 1980-களிலிருந்தே பழகிப்போன சங்கதி. ரூபெல்லாவுக்கான மருந்தும் தனியார் மருத்துவமனைகளில் எம்எம்ஆர் என்ற பெயரில் பல வருடமாகப் போடப்பட்டு வந்ததே. கர்ப்பிணிக்கு ரூபெல்லா வந்தால் வயிற்றுப் பிள்ளையின் கண், காது, இதயம் கெடும் என்பதும் மருத்துவத்தில் ஐயமற்ற உண்மை. ஆனாலும் முகாம் தடுமாறியது. ஊசி ஆபத்தானது, வெளிநாட்டுச் சதி, குழந்தைகள் மயங்கி விழுந்தார்கள் என்று வாட்ஸ்அப்பில் குரல் பதிவுகள் பறந்தன. பல பெற்றோர் இந்த ஊசியைப் பற்றி முதன்முதலாகக் கேள்விப்பட்டதே அந்தப் பதிவுகளில்தான். முகாம் நாளன்று பிள்ளையைப் பள்ளிக்கே அனுப்பாதவர்கள் உண்டு. பிப்ரவரியோடு முடிய வேண்டியதை மார்ச்சுக்கும் நீட்டிக்க வேண்டியதாயிற்று.

அந்த மாதத்தின் காற்றையும் நினைவில் வைக்க வேண்டும். முதலமைச்சர் ஜெயலலிதா 75 நாள் மருத்துவமனையில் இருந்து இறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. உள்ளே என்ன நடந்தது என்று ஊரே கேட்டுக்கொண்டிருந்தது. ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரினா நிரம்பியது. வெளிநாட்டு அமைப்புகள் என்றாலே சந்தேகம். முகாம் தொடங்கிய மறுநாள் இரவு ஜெயலலிதாவுக்குப் பின் முதலமைச்சரான ஓ. பன்னீர்செல்வம் அவர் சமாதியின் முன் கண்மூடி அமர்ந்தார். அதிகாரப்பூர்வமான எதையும் நம்பாதே என்பது அன்றைய பொது மனநிலை. அத்தகைய காற்றில், ஏன் எதற்கு என்ற விளக்கத்துக்கு முந்திக்கொண்டு 'இன்ன தேதியில் ஊசி' என்ற சேதி மட்டும் வீட்டுக்கு வந்தால் என்ன ஆகுமோ அதுதான் ஆனது. வதந்தியைக் கிளப்பியவர்களைத் தேடுவது காவல்துறையின் வேலை. பள்ளிகள் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி வேறு: அந்தக் குரல் பதிவு ஒரு தாயின் காதில் விழுந்தபோது, அதற்கு முன்பே அவள் கேட்டிருந்த நம் குரல் எது?

விவரமாகச் சொன்னால் ஜனங்கள் பயந்துவிடுவார்கள், அதனால் சொல்லாமல் செய்துவிடுவதே நல்லது என்று அதிகாரிகள் தரப்பில் ஒரு வாதம் எப்போதும் உண்டு. கெட்ட எண்ணத்தில் பிறந்த வாதம் என்று இதைத் தள்ளிவிட முடியாது. நூறு பேருக்கு நன்மை செய்கிற காரியத்தை ஒருவரின் அச்சம் கெடுத்துவிடக் கூடாது என்ற கவலை அதில் இருக்கிறது. இந்த வாதம் நீதிமன்றத்திலேயே சோதிக்கப்பட்டது. இதே ஊசி 2019 ஜனவரியில் டெல்லிப் பள்ளிகளுக்கு வந்தபோது, பெற்றோர் சம்மதம் கேட்கவில்லை என்று வழக்கு போனது. டெல்லி உயர் நீதிமன்றம் முகாமை நிறுத்தி வைத்தது. பிறகு, சம்மதம் பெற்றே போட வேண்டும், யாருக்குப் போடக்கூடாது, பக்கவிளைவு என்ன என்பதையும் விளம்பரத்தில் சொல்ல வேண்டும் என்றது. அதைச் சொன்னால் பெற்றோர் பின்வாங்குவார்கள் என்ற அரசுத் தரப்பு வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. பெற்றோர் தெரிந்துகொண்டு முடிவெடுக்கத்தானே அறிவிப்பு என்பதே அதன் நிலை. தீர்ப்பை விடுங்கள், நடைமுறையும் அதையே காட்டுகிறது. தமிழ்நாட்டில் 2017-ல் அச்சம் பரவியது பக்கவிளைவுகளைப் பள்ளி பட்டியலிட்டதால் அல்ல. ஊசி போட்ட இடம் வீங்கலாம், லேசாகக் காய்ச்சல் வரலாம் என்று முன்பே கேட்டிருந்த தாய், அன்றிரவு பிள்ளையின் உடம்பு சுட்டால் 'மிஸ் சொன்னாங்களே' என்பாள். கேட்டிராத தாய்க்கு அதே சூடு வாட்ஸ்அப் சொன்னதற்கு அத்தாட்சி.

மாத்திரைகளில் இது இன்னும் துலக்கமாகத் தெரியும். தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இரண்டு வகை மாத்திரைகள் பள்ளியிலேயே தரப்படுகின்றன. ஒன்று, 2015-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் கொடுக்கப்படும் குடற்புழு நீக்க மாத்திரை, அல்பெண்டசோல் 400 மில்லிகிராம். அதை மென்று தின்ன வேண்டும். உடம்பு சரியில்லாத பிள்ளைக்கு அன்று கொடுக்கக்கூடாது. வயிற்றில் பூச்சி அதிகமாக இருக்கும் பிள்ளைக்குக் கொஞ்சம் குமட்டலும் வயிற்றுவலியும் வந்து போகும். மற்றொன்று, வாராவாரம் தரப்படும் இரும்புச்சத்து மாத்திரை. ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை இளஞ்சிவப்பு, அதற்கு மேல் நீலம். வெறும் வயிற்றில் போட்டால் அது புரட்டும். சாப்பிட்ட பிறகு போட்டால் பெரும்பாலும் சேரும். மலம் கறுப்பாகப் போகும். கடைசியாகச் சொன்ன விவரம் எந்தச் சுற்றறிக்கையிலும் தலைப்புச் செய்தி ஆகாது. மறுநாள் காலையில் ஆறு வயதுப் பிள்ளையின் மலம் கறுத்திருப்பதைப் பார்க்கும் தாய்க்கு அதைவிடப் பெரிய செய்தி இல்லை. பிள்ளைக்கு ரத்தம் போகிறதோ என்று அவள் பதறுவாள். அடுத்த வாரம் 'மாத்திரையைத் துப்பிடு' என்று காதோடு சொல்லி அனுப்புவாள். ஒரு வருடத்துக்கான ரத்தசோகை ஒழிப்புத் திட்டம் அந்த வீட்டைப் பொறுத்தவரை அங்கேயே முடிந்தது. மாத்திரை தீங்கற்றது என்று பொத்தாம் பொதுவாகச் சொல்லிவைப்பதிலும் கெடுதல் உண்டு. 2023 மார்ச்சில் உதகையில் ஒரு பள்ளி மாணவர்கள் யார் அதிகம் விழுங்குவது என்று பந்தயம் கட்டி இரும்புச்சத்து மாத்திரைகளைத் தின்றதில் ஒரு சிறுமி உயிரிழந்தாள். நன்மை செய்யும் மாத்திரை, எண்ணிக்கை மிஞ்சினால் விஷம். இந்த இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லத் தெரிந்த பள்ளியைப் பெற்றோர் நம்புவார்கள். பாதியை மட்டும் சொல்கிற பள்ளியிடம், மீதிப் பாதியை எங்கே ஒளித்தாய் என்று கேட்பார்கள்.

பள்ளிக்கூடம் பாடம் நடத்தத்தான், மருந்தும் மாத்திரையும் ஆஸ்பத்திரி வேலை என்று சொல்கிறவர்களுக்கு இந்த நகரத்தின் வரலாறே பதில். 1920-ல் சென்னை மாநகராட்சி, பிட்டி தியாகராயர் தலைவராக இருந்தபோது, ஆயிரம் விளக்குப் பகுதியின் ஒரு பள்ளியில் பிள்ளைக்கு ஒரு அணா செலவுக்கு மிகாமல் சிற்றுண்டி கொடுக்கத் தீர்மானித்தது. 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் வரை அந்தக் கோடு நீள்கிறது. பிள்ளையின் வயிற்றைப் பார்த்துக்கொள்வதாக நூறு வருடத்துக்கு முன்பே பள்ளிக்கூடம் ஒப்புக்கொண்டுவிட்டது. அந்த வயிற்றுக்குள் என்ன போகிறது என்று வீட்டுக்குச் சொல்வது மட்டும் புதுச் சுமையாகத் தெரிவது விந்தை.

பள்ளி வீட்டோடு பேச வட சென்னைக்கு இன்னொரு காரணமும் உண்டு: காற்று. மணலியின் சுத்திகரிப்பு ஆலையும் உர ஆலையும், எண்ணூரின் தொழிற்சாலைகள், கொடுங்கையூர்க் குப்பைமேடு, இவற்றுக்கு நடுவில்தான் வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டைப் பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்கள். குப்பைமேடு தீப்பிடிக்கும் நாட்களில் புகை முதலில் எட்டுவது இவர்களைத்தான். 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் பெரியகுப்பத்தில், கப்பலிலிருந்து கோரமண்டல் உர ஆலைக்கு அமோனியா கொண்டுவரும் கடலடிக் குழாய் கசிந்தபோது மக்கள் மூச்சுத் திணறித் தெருவுக்கு ஓடிவந்தார்கள். பல பத்துப் பேர் மருத்துவமனைக்குப் போனார்கள். செய்தியைக் கொண்டுபோனது பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிய கைகள். அமோனியா தண்ணீரில் கரையும் வாயு, நனைத்த துணியால் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு காற்று வீசும் திசைக்குக் குறுக்கே விலகிப் போக வேண்டும் என்ற ஒற்றை வாக்கியத்தை அந்தக் குப்பத்துப் பிள்ளைகள் பள்ளியில் எத்தனை முறை கேட்டிருப்பார்கள்? சட்டம் இதை எப்போதோ சொல்லிவிட்டது. போபாலுக்குப் பிறகு 1987-ல் தொழிற்சாலைகள் சட்டத்தில் சேர்ந்த 41பி பிரிவு, ஆபத்தான தொழில் நடத்துகிறவர் அதன் ஆபத்துகளையும் தற்காப்பு வழிகளையும் தொழிலாளிக்கு மட்டுமல்ல, சுற்றியிருக்கும் பொதுமக்களுக்கும் வெளிப்படுத்த வேண்டும் என்றது. 'சுற்றியிருக்கும் பொதுமக்கள்' என்பவர்களை எங்கே போய்ப் பிடிப்பது? அவர்களுடைய பிள்ளைகள் அனைவரும் தினமும் காலை ஒன்பது மணிக்கு ஒரே இடத்தில் வரிசையாக நிற்கிறார்கள்.

2024 அக்டோபர் 25 அன்று ஆபத்து பள்ளிக்குள்ளேயே வந்தது. திருவொற்றியூர் கிராமத் தெருவிலிருக்கும் ஒரு தனியார் பள்ளியில் ஏதோ வாயு நெடியால் முப்பதுக்கும் மேற்பட்ட மாணவிகளுக்குத் தொண்டை எரிச்சலும் வாந்தியும் மயக்கமும் வந்தன. தேசியப் பேரிடர் மீட்புப் படை வந்தது, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் காற்றைச் சோதித்தது; நெடி எங்கிருந்து வந்தது என்று திட்டமாகத் தெரியவில்லை. தீபாவளி விடுமுறை கழிந்து நவம்பர் 4 அன்று பள்ளி திறந்தது. அன்றே மறுபடியும் சில மாணவிகளுக்கு உடம்புக்கு முடியாமல் போயிற்று. வாசலில் திரண்ட பெற்றோரின் கேள்விகளில் முன்னால் நின்றது இது: காரணமே தெரியாமல் ஏன் திறந்தீர்கள்? வாயுவைக் கண்டுபிடிப்பது பள்ளி நிர்வாகத்தின் கையில் இல்லை, வாஸ்தவம். ஆனால், 'சோதனை நடந்தது, இன்னும் காரணம் தெரியவில்லை, திங்கள்கிழமை திறக்கிறோம், இன்ன இன்ன ஏற்பாடு செய்திருக்கிறோம், விருப்பமில்லாதவர்கள் பிள்ளையை அனுப்ப வேண்டாம், வருகைப் பதிவில் கைவைக்க மாட்டோம்' என்று சொல்வதற்கு எந்தக் கருவியும் தேவையில்லை. இத்தகைய நேரத்தில் எந்தப் பள்ளியும் சொல்லத் தயங்குவது 'எங்களுக்குத் தெரியவில்லை' என்ற இரண்டு சொற்களைத்தான். கௌரவம் போய்விடும் என்ற பயம். பெற்றோர் அதை வேறு விதமாகப் படிக்கிறார்கள்: தெரிந்தும் மறைக்கிறார்கள்.

இப்போதுதான் வகுப்புக்கு வகுப்பு வாட்ஸ்அப் குழு இருக்கிறதே, பள்ளிக் கல்வித் துறையே 2024-ல் பெற்றோரின் கைபேசி எண்களை ஓடிபி அனுப்பிச் சரிபார்த்ததே, அப்புறம் என்ன குறை என்று கேட்கலாம். எண் சரியானதுதான். அந்த எண் உள்ள போன் எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி. வியாசர்பாடியில் பல வீடுகளில் அது அப்பாவின் சட்டைப்பையில் ஏறி விடியற்காலையிலேயே துறைமுகத்துக்கோ கொத்தவால்சாவடிக்கோ போய்விடுகிறது. டேட்டா தீர்ந்தால் அடுத்த ரீசார்ஜ் வரை செய்தி வானத்திலேயே நிற்கும். வந்து சேர்ந்தாலும் காலை வணக்கப் படங்களுக்கும் வாழ்த்துகளுக்கும் கீழே புதைந்து கிடக்கும். இன்னொரு விஷயம்: 2017-ல் வதந்தி வந்ததும் இதே வாகனத்தில்தான். உண்மையும் பொய்யும் ஒரே உருவத்தில், ஒரே பச்சைச் சதுரத்துக்குள் வரும்போது, எது டீச்சர் சொன்னது, எது யாரோ அனுப்பியது என்று பிரித்தறிய வழியில்லை. குழு வேண்டாம் என்று சொல்லவில்லை. தட்டச்சு செய்த அரசாணை மொழிக்குப் பதில் வகுப்பாசிரியர் தன் குரலில் அரை நிமிடம் பேசி அனுப்பினால் அதன் மதிப்பே வேறு. அந்தக் குரலை வீட்டில் பிள்ளைக்குத் தெரியும். தெலுங்கு பேசும் வீடுகளும், உருது பேசும் வீடுகளும், அண்மையில் வடக்கிலிருந்து வந்த குடும்பங்களும் உள்ள பகுதி இது. அரை நிமிடப் பேச்சை அவர்கள் மொழியில் திருப்பிச் சொல்ல அந்த வகுப்பிலேயே ஒரு தாய் இருப்பார்.

இதைவிட வலுவான ஆட்சேபம் ஒன்று ஆசிரியர் அறைகளில் காதில் விழும்: எத்தனை சொன்னாலும் இந்தப் பெற்றோருக்கு அக்கறை கிடையாது. தெருவைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. மெட்ரோ வாட்டர் லாரி எத்தனை மணிக்கு வரும் என்று எந்த அலுவலகமும் இவர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்புவதில்லை. ஆனாலும் ஒரு குடம்கூட வரிசையில் தப்புவதில்லை. ரேஷனில் பாமாயில் வந்தால் அரை மணியில் தெருவுக்கே தெரிகிறது. இந்தச் செய்திகளுக்கு உள்ள குணம் என்ன? நேரம், இடம், செய்ய வேண்டிய காரியம் மூன்றும் சுருக்கமாக இருக்கின்றன. கேட்டு நடந்தவருக்குப் பலன் அன்றே கிடைக்கிறது. பள்ளியின் செய்தியில் இவை இல்லாதபோது அக்கறையும் இல்லாமல் போகிறது. அமெரிக்காவின் பிலடெல்பியாவில் சுமார் 28,000 மாணவர்களை வைத்து நடந்து 2018-ல் வெளியான ஓர் ஆய்வு இங்கே பொருந்தும். பிள்ளை இதுவரை எத்தனை நாள் பள்ளிக்கு வரவில்லை என்ற எண்ணைத் தாங்கிய கடிதம் ஆண்டுக்குச் சில தடவை வீட்டுக்குப் போனது, அவ்வளவுதான். நாள்பட்ட விடுப்பு பத்து சதவீதத்துக்கு மேல் குறைந்தது. பெற்றோருக்கு அக்கறை இருந்தது, கணக்குத்தான் தெரியவில்லை. தம் பிள்ளை எடுத்த விடுப்பை அவர்கள் குறைத்தே மதிப்பிட்டு வந்திருந்தார்கள். 'மாணவர்கள் தவறாமல் பள்ளிக்கு வரவும்' என்ற பொது அறிவுரையால் நடக்காதது, 'உங்கள் பெண் இந்தப் பருவத்தில் 11 நாள் வரவில்லை' என்ற ஒரு வரியால் நடந்தது.

மழை விடுமுறையை எடுத்துக்கொண்டால் நம்மிடம் இதற்கான திறமை இல்லாமல் இல்லை என்று தெரியும். 2024 அக்டோபர் 15-க்கு சென்னைக்கும் பக்கத்து மாவட்டங்களுக்கும் முந்தின நாளே விடுமுறை அறிவித்தார்கள். வேலைக்குப் போகும் தாய் பிள்ளையை யாரிடம் விடுவது என்று இரவே ஏற்பாடு செய்ய முடிந்தது. அதே அறிவிப்பு காலை ஆறரைக்கு டிவியில் ஓடினால், அதற்குள் பல வீடுகளில் அம்மா வீட்டுவேலைக்குக் கிளம்பியாயிற்று. பிள்ளை தானாகச் சீருடை போட்டுக்கொண்டு கணேசபுரம் சுரங்கப்பாதைத் தண்ணீரைப் பார்த்தபடி நடக்கும். தண்ணீர் குடிக்க மணி அடிக்கிறார்களே, கேரளம் 2019-ல் தொடங்கி நாமும் 2025-ல் எடுத்துக்கொண்ட அந்த வாட்டர் பெல், அது எனக்குப் பிடித்த அறிவிப்பு. காகிதமே இல்லை. ஆனால் பிள்ளை வீட்டிலிருந்து பாட்டில் கொண்டுவந்தால்தான் மணிக்கு அர்த்தம். பாட்டிலை நிரப்பித் தருகிறவருக்கு மணி அடிப்பது தெரிந்திருக்க வேண்டும்.

கடைசி ஆட்சேபம் நியாயமானது: ஆசிரியர்களுக்கு ஏற்கெனவே எமிஸ் என்ற கல்வித் தகவல் தளத்தில் பதிவேற்றமும் வாக்காளர் பட்டியல் வேலையும் தலைக்கு மேல் இருக்கின்றன, இதையும் அவர்கள் தலையில் கட்டுவதா? கட்டக்கூடாது. அதற்காகவே கல்வி உரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழு என்று ஒன்றை வைத்திருக்கிறது. உறுப்பினரில் முக்கால் பங்கினர் பெற்றோர் அல்லது பாதுகாவலராக இருக்க வேண்டும். பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2022-ல் புதுப்பித்தார்கள், 2024-ல் மறுபடியும் அமைத்தார்கள். வெள்ளிக்கிழமைகளில் பிற்பகல் கூட்டம். கழிப்பறைக் கதவும் சுற்றுச்சுவரும் அங்கே பேசப்படுகின்றன, பேச வேண்டியவைதான். அடுத்த மாதம் தரப்போகும் மாத்திரை, ஐந்தாம் வகுப்பில் பத்து வயதானவர்களுக்குப் போடும் டிடி ஊசி, அம்மை வந்தால் எப்போது அனுப்பலாம் என்ற விதி, இவற்றுக்குப் பத்து நிமிடம் ஒதுக்கி, பக்கத்துச் சுகாதார நிலையத்துச் செவிலியரை உட்காரவைத்துக் கேள்வி கேட்கவிட்டால், அங்கிருந்து தெருவுக்குப் போவது உறுப்பினர்களின் வேலை. ஆசிரியருக்குச் சுமை கூடாது. ஊசி போடும் நாளில் வாசலில் சண்டை பிடிக்க வேண்டிய சுமை குறையும்.

அந்தப் பிற்பகலில் கூட்டத்துக்கு யார் வருவது என்பது மிச்சம். தினக்கூலி அம்மாவுக்கு அரை நாள் போகும். அப்பா திரும்பியிருக்க மாட்டார். அந்நேரத்தில் வியாசர்பாடி வீடுகளில் இருப்பவர்கள் பாட்டிகள். பிள்ளையைப் பள்ளியில் விட்டு அழைத்துப் போவதும், உடம்பு சுட்டால் முதலில் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதும், மாத்திரை வேண்டுமா வேண்டாமா என்று வீட்டில் தீர்ப்புச் சொல்வதும், வேப்பிலை பறித்து வந்து நிலையில் சொருகுவதும், தலைக்கு எந்த நாள் தண்ணீர் ஊற்றுவது என்று குறிப்பதும் அவர்கள்தான். பாதுகாவலர் என்ற சொல்லைச் சட்டம் வைத்திருக்கிறது. பள்ளி விடும் நேரத்துக்கு அரை மணி முன்பே அவர்கள் வந்து, கேட்டுக்கு வெளியே நிழல் விழும் பக்கமாகச் சுவரோரம் உட்கார்ந்திருக்கிறார்கள்.